எஞ்சியது

அக்காவுக்குக் கீமோ முடிந்து, ஆபரேஷனும் ஆன பிறகு வந்த ரிப்போர்ட்டில் 1.4 செ.மீ. கட்டி எஞ்சியிருந்ததாக இருந்தது. மருந்துக்குச் சாகாத எதுவோ அதுதான் மிஞ்சியது. வெட்டி எடுத்தாயிற்று. ஆனால் அதன் வித்து உடம்பில் வேறெங்காவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

டாக்டர் கேப்சிடபைன் மாத்திரை எழுதினார். அதன் பின்னால் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த கிரியேட்-எக்ஸ் என்கிற சோதனை இருக்கிறது. 2017இல் வெளியான அதன் அறிக்கையை ஓர் இரவு உட்கார்ந்து படித்தேன். அக்காவைப்போலக் கட்டி எஞ்சிய 910 பேர். குலுக்கலில் பாதிப்பேருக்கு மாத்திரை. மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மூன்று ஏற்பிகளும் இல்லாத அக்காவின் வகையில், ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 78.8 சதவீதம், சாப்பிடாதவர்களில் 70.3.

நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்தாண்டுக் கணக்கில் 70 பேர் மாத்திரை இல்லாமலே இருந்திருப்பார்கள். 21 பேரை மாத்திரையும் காப்பாற்றவில்லை. நடுவே எட்டொன்பது பேர். அவர்களுக்காக நூறு பேரும் விழுங்குகிறார்கள். அந்த எட்டொன்பது பேரில் தானும் ஒருத்தி என்பது பிழைத்தவளுக்கே கடைசிவரை தெரியாது. நம்பிக்கை என்ற சொல்லை நாம் எவ்வளவு தாராளமாக எழுதிவந்திருக்கிறோம் என்று அன்றிரவு கூச்சமாக இருந்தது.

இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. மூன்றாவது சுற்றில் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. சோதனையிலும் மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கு 73 பேருக்குக் கையிலும் காலிலும் இப்படி வந்திருக்கிறது. ரேஷன் கடை யந்திரம் அக்காவின் விரலை ஏற்கவில்லை. நாலு தடவை வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கையை விரித்துக் காட்டி, "நான் நான்தான்னு நீ வந்து சொல்லுடா" என்று சிரித்தாள்.

அன்றைக்குத்தான் அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். சதவீதத்தை அவள் கேட்கவில்லை.

"மாத்திரை கெடைக்காதவங்களுக்கு, கெடைக்கலேன்னு தெரியுமா?"

"தெரியும். வெறும் மாத்திரை குடுத்து ஏமாத்தலை."

"தெரிஞ்சே இருந்தாங்களா?"

"ஆமா."

கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க சும்மா இருந்ததாலதானே இதை எனக்கு எழுதறாங்க" என்றாள். சாப்பிட்டு அரைமணிக்குள் போட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தாள். அட்டையைப் பிரிக்க விரல் வலிக்குமென்று என்னிடம் நீட்டினாள்.