கியர் பாக்ஸ் இறங்கிய வண்டி

லாரிக்கும் வயதாகிறது. செங்கல், ஜல்லி, மணல் என்று பதினைந்து இருபது வருஷம் சுமந்து தேய்ந்த வண்டியின் முதுகில் ஒரு தொட்டியை ஏற்றி, கழிவுநீர் லாரி ஆக்கிவிடுகிறார்கள். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றியிருந்த பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதானது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்க் நிரம்புவது நிற்கவில்லை. அதனால் இந்தக் கிழட்டு வண்டிகளுக்கு இன்னும் பிழைப்பு இருக்கிறது.

முடிச்சூர் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஷெட்டில் எங்கள் சித்தப்பா மெக்கானிக். போர்டு கிடையாது. முப்பது வருஷமாக லாரிக்கடியில் மல்லாந்து கிடந்த முதுகு அவருடையது. அவரைவிடப் பத்து வயது சின்னவரான லாரிக்காரர் 'இன்னாப்பா' என்பார். இவர் 'சொல்லுங்க மொதலாளி' என்பார். சேரிக்காரனுக்கு வயது ஏறினாலும் மரியாதை ஏறாது.

போன கோடையில் அப்படியொரு கழிவுநீர் லாரி ஷெட்டுக்கு வந்தது. பழைய ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். நியூட்ரலில் நிற்கும்போதே அடியில் ஊளைச் சத்தம். கிளட்ச்சை மிதித்தால் அடங்குகிறது. 'கியர் பாக்ஸ் பேரிங்' என்று கேட்டவுடனே சொல்லிவிட்டார் சித்தப்பா. பாக்ஸை இறக்கியும் ஆயிற்று. முதலாளிக்கு வேறு சந்தேகம். வண்டி புகைகிறதே, சாகப்போகிற மாட்டுக்கு லாடம் எதற்கு? பாக்ஸுக்குக் காசு போடுவதற்கு முன் இன்ஜின் தேறுமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

பாக்ஸ் இல்லாமல் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது சாவி திருப்புகிற வேலை மட்டுமல்ல. சில வண்டிகளில் இன்ஜினின் பின்பாரத்தைக் கியர் பாக்ஸ்தான் தாங்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் பின்னால் சாயும். சித்தப்பா ஃப்ளைவீல் ஹவுசிங்குக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்தார். ஸ்டார்ட்டர் மோட்டார் ஹவுசிங்கிலேயே இறுக்கமாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். கிளட்ச் பிளேட்டையும் அதன் மூடியையும் கழற்றி ஓரமாக வைத்தார். வெறும் ஃப்ளைவீல் திறந்து கிடந்தது. 'அதுக்கு நேரா எவனும் நிக்காத, பறந்தா தலை போய்டும்' என்றார். டீசல் ஃபில்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வழியும் வரை ஏர் எடுத்தார். இன்ஜின் அடங்காமல் ஏறினால் காற்று வழியை அடைக்க ஒரு பலகையைக் கைக்கெட்டும் தூரத்தில் சாய்த்து வைத்த பிறகுதான் சாவி.

இரண்டு இழுப்பில் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை. சூடேற ஏற அது குறைந்தது. ஆயில் பிரஷர் முள் எழுந்து நின்றது. கியர் பாக்ஸ் இல்லாவிட்டாலும் கம்ப்ரஸர் இன்ஜினோடு சுற்றுவதால் ஏர் டேங்க் நிரம்பிற்று. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினார். காற்று கொஞ்சம் தள்ளியது, மோசமில்லை. ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை பிளாக்கில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒரு சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் தடுமாற வேண்டும். மூன்றாவதைத் தளர்த்தியபோது தடுமாற்றமே இல்லை. 'இவன்தான் சோம்பேறி. இன்ஜெக்டர் மாத்துனா புகை அடங்கிடும்.' பாக்ஸ் இருந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். பின் ஆயில் சீல் காய்ந்தே இருந்தது. ஊளைச் சத்தம் துளியும் இல்லை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். 'பற்சக்கரப் பெட்டி' என்று அகராதிக்காரர்கள் எழுதுவது தெரியும். அந்தக் கம்பியில் அவர் கேட்டதற்கு எந்த அகராதியிலும் சொல் பார்த்ததில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாளிக்கு போன் வந்தது. ஒரு அடுக்குமாடியில் டேங்க் நிரம்பி வாசலுக்கு வழிகிறதாம். 'அதான் இன்ஜின் ஓடுதேப்பா, நிக்க வச்சே உறிஞ்ச முடியாதா?' என்றார். முடியாது. உறிஞ்சுகிற வேக்குவம் பம்பை இன்ஜின் நேராகச் சுற்றுவதில்லை. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் பூட்டிய பி.டி.ஓ. என்ற சின்னப் பெட்டிதான் சுழற்சியை வாங்கிப் பம்புக்குக் கொடுக்கிறது. (ஊர்ப்பக்கத்து ஜனங்களுக்கு பி.டி.ஓ. என்றால் ஒன்றிய ஆபீஸ் அதிகாரி. அவரும் மேலிருந்து வாங்கிக் கீழே கொடுக்க வேண்டியவர்தான்.) பாக்ஸ் தரையில் கிடந்தால் பம்ப் வெறும் இரும்பு.

முதலாளி வண்டியோடு வந்த இரண்டு பையன்களைப் பார்த்தார். 'பக்கெட்டும் கயிறும் எடுத்துக்குனு போங்கடா. மேலாப்புல அள்ளுங்க, போதும்.' இரண்டு பேரும் அருந்ததியர் பிள்ளைகள். ஒருவன் அதற்குள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

பேப்பரில் எல்லாம் இயந்திரம்தான் செய்கிறது. லாரி இருக்கிறது, பம்ப் இருக்கிறது. இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு பெட்டி கழன்றுவிட்டால், அந்த இடத்தில் பொருத்துவதற்கு எங்கள் பிள்ளைகளின் உடம்பு தயாராக இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸுக்காவது விலை உண்டு.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 'அபாயகரமான' சுத்திகரிப்பு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் பாதுகாப்புக் கருவி தராமல் செய்விப்பது என்பதுதான். கருவி கொடுத்தோம் என்று எழுதிவைக்க அதில் ஒரு சந்து இருக்கிறது. செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. செத்த பிறகு உயர்கிற கூலி இது.

இதை நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சித்தப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பையன்களிடம் பேசினார்: 'உள்ள வாசனை வரலன்னா காத்து நல்லாருக்குன்னு நெனச்சிக்காத. அந்த வாயு மொதல்ல மூக்கத்தான் மரக்க வைக்கும். குனிஞ்சவன் உள்ள விழுவான், அவனத் தூக்கப் போனவனும் விழுவான். கயித்த எறக்கி வை.' அப்புறம்தான் முதலாளியைப் பார்த்தார். 'இவனுங்க போனா இந்த பாக்ஸ நான் தூக்க மாட்டேன் மொதலாளி. வேற ஆளப் பாத்துக்குங்க.'

முப்பது வருஷத்தில் ஒரு முதலாளியிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இறக்கிப்போட்ட பாக்ஸைத் தூக்க வேறு ஆள் தேடுவது சுலபமல்ல என்று முதலாளிக்கும் தெரியும். பெருங்களத்தூரிலிருந்து வேறொரு வண்டியை வாடகைக்குச் சொன்னார். அந்த வண்டிக்கு அதன் ஆட்களே உண்டு.

கயிற்றை இறக்கி வைத்த பையன் என்னிடம் வந்தான். 'அண்ணே, கேஸ் கீஸ்னு சொன்னீங்களே. வண்டி நிக்கிற நாளுக்கு எங்களுக்குக் கூலி உண்டுன்னு அதுல எங்கயாச்சும் எழுதிக்கீதா?'

சித்தப்பா புதுப்பேட்டைக்குப் போய் பேரிங் பார்த்து வாங்கி வந்தார். நாலாம் நாள் பாக்ஸ் ஏறியது, பம்ப் சுற்றியது. அந்த நாலு நாளுக்கும் பையன்களுக்குக் கூலி இல்லை.