நரம்பெடுத்த பல்லு

கன நாளா இந்தப் பக்கம் வரேல்லை. படிப்பு எண்டு சொன்னா நம்பவா போறியள்? பல்லுக்கொதி!

போன கிழமை கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு நரம்பெடுத்தது. பிரெஞ்சில 'டெவித்தாலிசே' எண்டுவினம், உயிரை எடுக்கிறதாம். விறைப்பு ஊசி போட்டதால கதிரையில ஒண்டும் தெரியேல்லை. லா சப்பலில மெத்ரோ இறங்கி, போபூர் சென்-தெனி வீதியில மரக்கறி வாங்கி, அறைக்கு ஏறும் வரைக்கும் நான் ராசா. இரவு பத்து மணிக்குத் துவங்கிச்சுது. உயிர் போன பல்லில நாக்குப் பட்டாலே கண்ணுக்குள்ள மின்னல்.

அறையில நாங்கள் நாலு பேர். மூத்தவர் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவுற அண்ணா. எழும்பி வந்து பார்த்திட்டு, "தம்பி, உதைப் பிடுங்கி எறி. எனக்கும் உப்பிடித்தான்" எண்டார்.

அவருக்கு நடந்தது எனக்குத் தெரியும். போன வருசம் நரம்பெடுத்த அடுத்த நாள் நோ தாங்கேலாமல், "கூட வாறியோ, கதைக்க ஆள் வேணும்" எண்டு கேட்டவர். எனக்குச் சோதனை. தனியப் போனார். அவரிட்ட இருந்தது ரெண்டு சொல்லு: 'மல்', 'அன்லெவே'. நோகுது, எடு. எடுத்து விட்டிச்சினம்.

விடிய டொக்டரிட்டப் போய், அவருக்கும் சேர்த்து நான் கேட்டன்: ஏன் நோகுது?

வேருக்குள்ள இருக்கிற வாய்க்காலை மெல்லிய அரம் மாதிரி ஒரு ஊசியால சுரண்டுறது. உருக்கு ஊசியைக் கையால மேலும் கீழும் இழுக்கேக்க அது சைக்கிள் பம்ப் மாதிரி. சுரண்டின கழிவில கொஞ்சம் வேர் நுனிக்கு வெளியில தள்ளுப்படும். பல்லுக்குள்ள நரம்பு இல்லைத்தான், ஆனா வேரைச் சுத்தியிருக்கிற சதைக்கு இருக்கே! அது அழன்று வீங்கும், கடிச்சா உயிர் போகும். 1988இல நிக்கல்-டைட்டானிய ஊசி பற்றி முதல் ஆய்வு வந்தது. வளைஞ்ச வேருக்குள்ளயும் அது வளைஞ்சு போகும். பிறகு வந்த மோட்டர் ஊசிகள் சுத்திச் சுத்திக் கழிவை மேல கொண்டு வரும். வாய்க்காலின்ர மேல்பாதியை முதல் அகலமாக்கிப்போட்டுக் கீழ இறங்கிறதும் அதுக்காகத்தான். எண்டாலும் எந்த முறையிலயும் முழுக்கத் தடுக்கேலாதாம்.

"முதல் நாள்தான் உச்சம். ரெண்டு மூண்டு நாளில இறங்கும். இறங்காமல் ஏறினா, முகம் வீங்கினா, காய்ச்சல் வந்தா உடன வா" எண்டார். ஒரு கிராம் டொலிப்ரான், அந்தப் பக்கத்தால கடியாதை. அவ்வளவுதான்.

மூண்டாம் நாள் நான் பாண் சாப்பிட்டன். அண்ணா பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் இப்பவும் ஒரு பக்கத்தாலதான் சப்புறவர்.

"அப்ப என்ர பல்லும் இருந்திருக்குமோ?"

"தெரியாதண்ணா. கேட்டுப் பார்த்திருக்கலாம்."

அவர் ஒண்டும் சொல்லேல்லை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். எனக்குப் பாண் இறங்கேல்லை. அந்தச் சோதனையில நான் பாஸ் பண்ணினனான் எண்டதும் அப்பத்தான் ஞாபகம் வந்து துலைச்சுது.

மற்றப் பக்கப் பல்லிலயும் அவருக்கு ஓட்டை இருக்காம். செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு நேரம் எடுத்திருக்கிறன், நானும் போறன். அண்டைக்கு வகுப்பு இருக்குத்தான்.