பத்துப் பேர் வேண்டும்

என் மைத்துனன் கொச்சியில் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தான். ஆத்தூரிலிருந்து சேலம் வரை பஸ், அப்புறம் ரயில். போய்ச் சேர்ந்து, பால் காய்ச்சி, இலை போட்டு, எல்லாம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. புது வீட்டில் உறவினர்கள் கூடினால் பேச்சு முதலில் தரைக் கல்லைப் பற்றியும், பிறகு சிமென்ட் விலையைப் பற்றியும், அதற்கப்புறம் பழைய மனஸ்தாபங்களைப் பற்றியும் நடக்கும். மூன்றாவது கட்டம் வருவதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்குக் கிளம்பிவிட்டேன்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நுழைந்ததும் சுக்கும் ஏலமும் மிளகுமாக ஒரு வாசனை தூக்கி அடிக்கிறது. தெருக்கோடியில் பரதேசி ஜெப ஆலயம். 1568-ல் கட்டியது. உள்ளே தரை முழுவதும் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள், கையால் தீட்டியவை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவற்றைப் பார்க்கத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் வேடிக்கை பார்க்கிறவர்களை உள்ளே விடுவதில்லையாம். எனக்கு எப்போதும் இப்படித்தான். நான் போகிற நாள்தான் எந்த மியூசியத்துக்கும் விடுமுறை நாள்.

எதிர்ப்பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். உச்சந்தலையில் சின்னக் குல்லா வைத்த கிழவர் ஒருவர் என் முன்னால் வந்து நின்று, முகத்தை உற்றுப் பார்த்து, "யூதனாணோ?" என்று கேட்டார்.

சோம்பலினால் மூன்று வாரமாக நான் வளர்த்திருந்த தாடிதான் காரணமாக இருக்க வேண்டும். இல்லை என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. ஒரு மரியாதைக்காக, "எவிடெயா நாடு?" என்றார். ஆத்தூர் என்றால் யாருக்குத் தெரியப் போகிறது என்று, "சேலம்" என்றேன்.

"சேலமோ!"

கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொச்சி யூதர்களுக்குச் சேலம் என்பது ஊர் அல்ல, மனிதர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆபிரகாம் பாரக் சேலம், 1882-ல் பிறந்து 1967-ல் மறைந்தவர். சென்னையில் படித்து வக்கீலானவர். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சம் என்று சொல்லி, அவருடைய இனத்தாருக்கு இந்த ஆலயத்துக்குள் ஆசனம் கொடுக்கவில்லை. முன்கட்டில் தரையில் உட்கார வேண்டும். அவர் காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வாங்கினார். கடைசியில் ஆசனமும் வாங்கினார். 'நான் அவருக்கு உறவல்ல, எங்கள் ஊரில் மாம்பழம்தான் பிரசித்தம்' என்று கிழவரிடம் விளக்கினேன். அவர் மலையாளத்திலும் நான் தமிழிலும் பேசிக்கொண்டதில் ஒரு குறைவும் வரவில்லை.

விஷயம் இதுதான். கிழவர் கொச்சிப் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்தவர். நம் நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அல்ல, அது வேறு. 1954-ல், ஏழு வயதில், பெற்றோருடன் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். இப்போது அங்கே தெற்கே, பாலைவனப் பக்கத்தில், தங்கள் ஆலயத்துப் பிள்ளைகள் பதினைந்து பேரைத் திரட்டி, இங்கேயுள்ள சபைகளைப் பார்த்து வர அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். துணைக்கு இன்னொரு பெரியவர். பாட்டன் பாட்டி பிறந்த தேசத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், சபைக்குச் சபை உறவு விட்டுப் போகக்கூடாது என்று எண்ணம்.

முதலில் பம்பாய். அங்கே இன்னும் யூதர்கள் இருக்கிறார்கள், ஆலயங்களும் நடக்கின்றன. சாப்பாடு, பாட்டு, புகைப்படம் என்று மூன்று நாள் ஜமாய்த்தார்களாம். பிறகு கொச்சி.

"அங்கே நாங்கள் விருந்தாளிகள். இங்கே விருந்தாளியும் நாங்கள்தான், வீட்டுக்காரரும் நாங்கள்தான்" என்றார் கிழவர்.

முதல் நாள் சேந்தமங்கலம் போயிருக்கிறார்கள். அவர் தவழ்ந்து விளையாடிய ஆலயம் இப்போது அருங்காட்சியகம். வாசலில் பிள்ளைகளை எண்ணி டிக்கெட் வாங்கினாராம். "என் தாத்தா வீட்டுக்கு டிக்கெட்!" என்று சொல்லிச் சிரித்தார். ஆலய வாசலில் 1269-ஆம் வருஷத்துக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. சாரா என்ற பெண்ணினுடையது. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு எழுத்துக் கல்லறைக் கற்களில் அதுதான் மிகப் பழையது. அதற்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று சாயங்காலம் சூரியன் அஸ்தமித்தால் அவர்களுடைய ஓய்வு நாள் தொடக்கம். மட்டாஞ்சேரியில் கூட்டுப் பிரார்த்தனை நடத்த வேண்டும். அதற்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். 'மின்யான்' என்கிறார்கள். ஒன்பது பேர் இருந்தால் தனித்தனியே ஜெபம் செய்யலாம். ஆனால் சில முக்கியமான பகுதிகளைச் சொல்லக்கூடாது, வேதச் சுருளை எடுத்து வாசிக்கக் கூடாது. கொச்சியில் மிஞ்சியிருக்கும் யூதர்களை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். வருஷக்கணக்காக, வெளியூர்க்காரர்கள் வந்து சேர்ந்தால்தான் இங்கே பத்து நிறைகிறது.

கிழவர் விரல் மடக்கினார். குழுவில் பையன்கள் ஆறு. பெரியவர்கள் இரண்டு. உள்ளூர்க்காரர் ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார். ஒன்பது. அதனால்தான் தாடி வைத்தவனையெல்லாம் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஆலயத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாகக் குழுவின் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் கண் சும்மா இருக்கவில்லை, எண்ணியது. அவர்களும் ஒன்பது பேர்.

வெளிச்சம் குறையக் குறையக் கிழவருக்குப் பதற்றம் அதிகமாயிற்று. பையன்கள் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். கடைசியில் ஒருவன் வெற்றியுடன் திரும்பினான். கூடவே, முதுகில் பெரிய மூட்டையும் கையில் பாதி கடித்த பழம்பொரியுமாக ஒரு வாலிபன். அர்ஜென்டினாக்காரனாம். டீக்கடையில் அகப்பட்டிருக்கிறான். பதின்மூன்று வயதுச் சடங்குக்குப் பிறகு ஜெப ஆலயத்துப் பக்கமே போனதில்லை என்று கூச்சத்துடன் சொன்னான். அது யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. தலையில் ஒரு குல்லாவைக் கவிழ்த்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கேரளத்து ஜெப ஆலயங்களில் செருப்போடு போவதில்லை. நம் கோயில் வழக்கம்தான். பழம்பொரியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் விழிக்க, ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது. பெண்கள் பக்கவழியாக மாடிக்குப் போனார்கள்.

நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து குரல்கள் எழும்பின. ஆறு பிள்ளைகளின் தொண்டை என்றாலும் தெரு நிரம்பித்தான் இருந்தது.

இந்த ஆலயத்தில் செப்பேடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்ற வர்த்தகப் பதவியை அளித்த சாசனம். பகல் விளக்கு, நடைபாவாடை, குடை, பல்லக்கு எல்லாம் அதில் உண்டு. எழுத்து வட்டெழுத்து. மொழி அந்தக் காலத்துத் தமிழ். மலையாளப் பண்டிதர்கள் பழைய மலையாளம் என்பார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். எங்கிருந்தோ வந்த ஜனங்களை இந்த மண் இருக்கச் சொல்லியதற்குப் பத்திரம் நாம் பேசுகிற பாஷையில் இருக்கிறது என்பது எனக்குப் போதும்.

சபையைப் பார்க்கச் சபை வருவதும் இங்கே புதிதல்ல. 1686-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரேரா தெ பைவா என்பவரும் கூட்டாளிகளும் கப்பலேறி வந்து கொச்சி யூதர்களைப் பார்த்தார்கள். மறு வருஷமே அவர் எழுதிய விவரம் போர்ச்சுகீசிய பாஷையில் அச்சாயிற்று. யார் வெள்ளை, யார் கறுப்பு, குடும்பத் தலைவர்கள் யார் யார் என்றெல்லாம் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். சமுத்திரம் தாண்டி வந்த மனிதருக்கும் எண்ணிக்கையில்தான் எவ்வளவு அக்கறை!

இஸ்ரேல் பிறந்தபோது கொச்சி யூதர்கள் சுமார் 2,500 பேர். போக வேண்டும் என்று வீடு வாசலை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களை, யானைக்கால் வியாதி தொற்றிவிடும் என்று பயந்து அந்தத் தேசம் சில வருஷம் தாமதப்படுத்தியது. பிறகு 1950-களின் நடுவில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நெவாதிம் என்ற ஊர், முன்பு குடியேறியவர்கள் விட்டுப் போன இடம். 1954-ல் கொச்சிக்காரர்கள் அங்கே போய் நிலைத்தார்கள். காயலையும் தென்னையையும் பார்த்துப் பழகிய கண்கள் அந்த மணலைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்! இங்கே விட்டுப் போன ஆலயங்களில் ஒன்றின் உட்கூடு, மரவேலையோடு பெயர்த்து எடுக்கப்பட்டு ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எர்ணாகுளத்தில் ஒன்றின் முன்பக்கத்தில் பல வருஷம் அலங்கார மீன் வியாபாரம் நடந்தது. கட்டடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்துப் பேர் இல்லை.

கதவு திறந்தது. அர்ஜென்டினாக்காரனைப் பையன்கள் தோளில் தட்டி மாப்பிள்ளை மாதிரி அழைத்து வந்தார்கள். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. பழம்பொரியைக் காப்பாற்றி வைத்திருந்த பெண் அதை அவனிடம் கொடுத்துவிட்டு, தாத்தாவோடு பேசிக்கொண்டிருந்த ஆள் என்று என்னிடம் வந்தாள். கிழவரின் பேத்தி. பதினேழு வயது. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். பாட்டியின் பழைய நோட்டுக்குப் பிரதி. மலையாள எழுத்தில் பாட்டுகள்.

கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி நோட்டில் எழுதிப் பாடி வந்தார்கள். வேதக் கதைகள், கல்யாணப் பாட்டுகள், ஊர்க் கதைகள், எல்லாம் மலையாளத்தில். ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் பாடக்கூடாது என்ற கட்டுப்பாடு மற்ற இடங்களில் பல யூதர்களிடம் உண்டு, இவர்களிடம் இல்லை. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்டுகளைத் தேடித் திரட்டி, இஸ்ரேலில் இருந்த பாட்டிமார்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். இந்தப் பெண்ணுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. பாட்டி சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியின் கீழும் ஹீப்ரு எழுத்தில் உச்சரிப்பைக் குறித்து வைத்திருந்தாள். "தம்பிக்குப் போன மாசம் பதின்மூன்று வயதாயிற்று. அவன் கணக்கில் உண்டு. அவனுக்கு ஒரு பாட்டும் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. "அமெரிக்காவில் எத்தனையோ ஆலயங்களில் பெண்களையும் எண்ணுகிறார்களே?" என்றேன். "எங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள்" என்று சிரித்தாள்.

பிறகு மெதுவாக ஒரு பாட்டைப் பாடினாள். உச்சரிப்பு எங்கெங்கோ போயிற்று. நடுவில் ஒரு சொல் மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது.

"கிளி" என்றேன்.

"அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

பச்சை நிறம், சிவந்த மூக்கு, சொன்னதைச் சொல்லும் என்று தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் எழுதிக்கொள்ளப் பையைத் திறந்து, பிறகு ஞாபகம் வந்து மூடிவிட்டாள். ஓய்வு நாளில் எழுதக்கூடாது.

ஆத்தூர் திரும்பியபோது எங்கள் குலதெய்வக் கோயில் வரி நோட்டு வீட்டுக்கு வந்திருந்தது. வசிஷ்ட நதிக்கரையில் சின்னக் கோயில். ஆடி மாசம் பொங்கல். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் பங்காளி ஒருவன் அந்தக் கோயிலைக் கண்ணால் கண்டதில்லை. அவன் பேர் நோட்டில் இருக்கிறது. என் அத்தை இருபத்து நாலு வயதில் தாலி அறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். இப்போது எழுபத்தெட்டு. கோயிலைக் கூட்டி மெழுகி, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள் அவள்தான். சாமியின் வரலாற்றை ராத்திரி முழுக்கப் பாட்டாகப் பாட இன்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வருஷம் அவளாக ஐநூறு ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தபோது, 'உன் பேரில் தலைக்கட்டு இல்லையே' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை நோட்டு எழுதும் சித்தப்பாவிடம் இரண்டு வரியாகப் பணம் கொடுத்து, ஒன்றை அத்தை பேரில் எழுதச் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"எழுதறதுக்கு எனக்கு என்ன தம்பி? நாளைக்கு ஒவ்வொரு வீட்டிலயும் கேப்பாங்களே?"

"கேட்கட்டுமே, சித்தப்பா."

"அப்படியெல்லாம் ஆகாது. பங்காளிங்களைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

பணத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ரசீது ஒன்றுதான் கிடைத்தது. அத்தையிடம் சொன்னேன். "எனக்கு எதுக்குக் கண்ணு தலைக்கட்டும் கால்கட்டும்? பொங்கலன்னிக்கு ஆட்டோ பிடிச்சுக் குடு, முழங்கால் வலிக்குது" என்றாள். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியிலிருந்து, "சித்தப்பன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

ஆடி பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. சித்தப்பா கூட்டம் போடவில்லை.