இரண்டாம் மாடி, ஊரூர் கிராமம்

2024 அக்டோபர் 13, ஞாயிறு

இன்று பார்த்த வீடு பிடித்துவிட்டது. எழுபதுகளில் வீட்டுவசதி வாரியம் கட்டிய பெசன்ட் நகர் குடியிருப்பு. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, மொத்தம் 24 வீடு, லிஃப்ட் கிடையாது. நாங்கள் பார்த்தது இரண்டாம் மாடி. தரையில் பழைய மொசைக். கூடத்து ஜன்னலைத் திறந்தால் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை கைக்கெட்டும். கடல் தெரியாது. ஆனால் பகல் சாய்ந்ததும் கடல்காற்று கூடத்துக்குள் வந்துவிடுகிறது.

விற்கும் சார் மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார். மகன் வெளிநாட்டில். சாருக்கு வாரியம் வீடு ஒதுக்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் வேண்டாம் என்றார்களாம். "பஸ் ஒழுங்கா கிடையாதும்மா. கால் வெச்சா கணுக்கால் வரைக்கும் மணல். ராத்திரி ஆனா பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பக்கமிருந்து நரி ஊளையிடும்." தெருமுனை மரத்தைக் கன்றாக நட்டுத் தண்ணீர் ஊற்றியவர்கள் அவரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் என்றார்.

புரோக்கர் வேறு பட்டியல் சொன்னார். நடக்கும் தூரத்தில் எத்தனை காபிக் கடை, எந்தப் பேக்கரி, எந்த ஜிம், யார் யார் பங்களா. விலை ஒன்றே முக்கால் கோடி. ஐம்பது வருடக் கட்டடத்துக்கு இந்த விலை செங்கல்லுக்காக இல்லை என்பது தெளிவு. நிழலான தெருவுக்கு, காலாற நடந்துபோகிற கடலுக்கு, முகம் தெரிந்த கடைக்காரர்களுக்குத்தான் கேட்கிறார்கள். அதையெல்லாம் உண்டாக்கியவர்களுக்கு அதில் எவ்வளவு போகிறது என்ற கேள்வி திரும்பி வரும் வழியெல்லாம் கூடவே வந்தது.

அக்டோபர் 29

வக்கீல் ஆபீசில் மாலை முழுவதும் போயிற்று. வாரிய வீடு வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம், வாரியம் ஒதுக்கீடு பெற்றவருக்கு எழுதிக்கொடுத்த கிரையப் பத்திரம். தவணையெல்லாம் கட்டி முடித்தும் பத்திரம் வாங்காமலே விட்டவர்கள் நிறைய. ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு, பவர் எழுதிக் கைமாறிக் கைமாறி வந்த வீடுகளும் உண்டு. அப்படி ஒன்றில் மாட்டினால் வங்கி கடன் தராது. நம் சாரிடம் பத்திரம் இருக்கிறது. பாக்கி இல்லை என்று வாரியம் கொடுத்த கடிதமும் பத்திரமாக வைத்திருக்கிறார். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கும் மேல் போட்டுப் பார்த்தாயிற்று, அடமானம் எதுவும் இல்லை. இறந்துபோன மனைவி பெயரும் பத்திரத்தில் இருப்பதால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மகனும் கையெழுத்துப் போட வேண்டும்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் கட்டடம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எழுதித் தர வேண்டுமாம். கடன் எத்தனை வருடத்துக்கு என்பதே அதைப் பொறுத்தது. பழைய வீடு வாங்க ஆசைப்படுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதை வங்கியில் கேட்டுக்கொள்வது நல்லது.

வக்கீல் விரல் வைத்துக் காட்டிய இடம் பிரிபடாத பங்கு. வீடு 780 சதுர அடி, மண்ணில் நம் பங்கு 640. இன்று கட்டுகிற அடுக்குமாடிகளில் இதில் பாதி கிடைத்தாலே அதிகம். "கட்டடம் வயசாகி விழுந்தாலும் இது உங்களுது. இங்க எல்லா பில்டரும் தேடுறது இதைத்தான்" என்றார்.

சொத்து விவரத்தில் பெசன்ட் நகர் பின்னால்தான் வருகிறது. முதலில் இருப்பது ஊரூர் கிராமம், சர்வே எண். அந்தக் கிராமம் இன்றும் கடற்கரையில் இருக்கிறது, ஊரூர் குப்பம் என்று. வாரியம் மனை பிரிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அங்கே வலை காய்ந்துகொண்டிருக்கிறது.

டிசம்பர் 1

நேற்று ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். வேளச்சேரியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியதை இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பெசன்ட் நகருக்குப் போனோம். அந்தத் தெருவில் கிளைகள் முறிந்து கிடந்தன, தண்ணீர் நிற்கவில்லை. அடியில் கடல் மணல், குடித்துவிடுகிறது. ஆனால் இரண்டு தெரு தள்ளி, வீட்டைச் சுற்றி ஓரம் விடாமல் சிமென்ட் போட்ட இடத்தில் மட்டும் குளம் கட்டி நின்றது.

டிசம்பர் 9

பத்திரம் பதிவாயிற்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஐம்பது லட்சத்தைத் தாண்டிய சொத்தென்பதால் விற்பவருக்குச் சேர வேண்டியதில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து நாங்களே கட்டினோம். டோக்கன், போட்டோ, கைரேகை. அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சார் வெளியே வந்ததும் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்து, "தூங்குமூஞ்சி மரத்தை வெட்டணும்னு யாராவது சொன்னா விட்டுடாதீங்க" என்றார்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

தை பிறந்து பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம். இன்று விடியலில் கடற்கரைக்குப் போனேன். மணலில் ஆமைகள் செத்துக் கிடந்தன. பங்குனி ஆமை, முட்டையிடக் கரைக்கு வருகிற தாய் ஆமைகள். இந்த மாதம் முழுக்கச் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருக்கின்றன. விசைப்படகின் இழுவை வலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் இறந்துபோகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் அந்தப் படகுகள் வரக் கூடாது என்பது சட்டம். அதை மீறுவதால் குப்பத்துச் சின்னப் படகுகளுக்கும் மீன் போகிறது, ஆமைக்கும் உயிர் போகிறது.

ஆமைகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார்கள் சில இளைஞர்கள். ஆமை சீசனில் இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து இங்கே வரை நடந்து, முட்டைகளை எடுத்துவந்து காப்பகத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிற மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். 1988 முதல் இந்த நடை நடக்கிறது. கூலி கிடையாது. காலையில் கல்லூரிக்கோ வேலைக்கோ போக வேண்டும். இந்தக் கடற்கரைக்கு இருக்கிற மதிப்பில் பெரும் பங்கு இவர்களுடையது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

மாலையில் தெருவில் கார் நிற்க இடமில்லை. காபிக் கடைகளின் வாசலில் வரிசை. மாமரத்தோடு இருந்த பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாகக் கடையாகின்றன. மரத்தையும் திண்ணையையும் காப்பாற்றி உள்ளே கடை வைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, இடித்திருந்தால் அதுவும் போயிருக்கும். பிள்ளைகள் பயமில்லாமல் இரவு பத்து மணிக்கும் உட்கார்ந்து பேசுகிறார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. ஊரில் இப்படி ஒரு இடம் இருப்பது நல்லது.

இஸ்திரி போடும் அண்ணன் இன்று சொன்னார்: வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டதால் பெருங்குடிக்கு அப்பால் போய்விட்டாராம். வண்டி மட்டும் இங்கே, எங்கள் வேப்ப மரத்தடியில். "காலைல அஞ்சு மணி பஸ்ஸை விட்டா கரி போட்டு சூடேத்த முடியாது மேடம்." வாரியக் குடியிருப்புகளில் சின்ன வீடுகளும் இருந்தன. டிரைவரும் நர்ஸும் பள்ளி வாத்தியாரும் இதே தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். இடித்துக் கட்டிய இடங்களில் சின்ன வீடு திரும்ப வருவதே இல்லை.

ஏப்ரல் 20

விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கிவிட்டது. குப்பத்து ஃபைபர் படகுகள் போகின்றன. மீன் விற்கும் அக்கா சங்கராவை ஆய்ந்துகொண்டே, "இன்னா கண்ணு, எந்த பிளாட்டு?" என்றார். சொன்னேன். "அங்க சவுக்குத் தோப்பு இருந்துச்சுன்னு எங்க ஆயா சொல்லும். சுள்ளி பொறுக்கப் போவாங்களாம்." பட்டினப்பாக்கத்திலிருந்து ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி ரோடு போடுகிற பேச்சு வருடக்கணக்கில் வந்து வந்து போகிறது. அதைப் பற்றிக் கேட்டபோது கத்தியை வைத்துவிட்டார். "படகு ஏத்துற எடமும் வலை ஒணத்துற எடமும் ரோடாயிட்டா நாங்க எங்க போவோம்? மீன் மாடில வளருமா?"

காரில் போகிற என் நேரம் பத்து நிமிடம் மிச்சமாகலாம். அந்த மணல் அவர்களுக்குத் தொழிற்கூடம். இதில் நான் யார் பக்கம் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆகஸ்ட் 29

இங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். காவி உடுத்தவர்கள் தெருவை நிறைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வருகிறார்கள். செப்டம்பர் 8 வரை இப்படித்தான். கீழ் வீட்டுக்காரர்கள் வாசலில் குடம் வைத்துத் தண்ணீர் தருகிறார்கள், நானும் சேர்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அசோசியேஷன் கூட்டம். பில்டர் ஒருவர் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கேட்கிறார். இருக்கிற பரப்புக்கு மேல் கால் பங்கு கூடுதல், லிஃப்ட், கீழே கார் நிறுத்தம், கட்டி முடிகிற வரை மாத வாடகை. மிச்சமுள்ள வீடுகளை அவர் விற்றுக்கொள்வார்.

முன்பெல்லாம் ஒருவர் மாட்டேன் என்றாலும் இப்படிப்பட்ட திட்டம் நின்றுபோகும். 2022-ல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எங்கள் குடியிருப்பில் அது 16 பேர். செயலாளர் கைதூக்கச் சொன்னபோது 11 கை உயர்ந்தது.

மூன்றாம் மாடி மாமி முதலில் கை தூக்கினார். அவரைப் போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வாட்ச்மேனும் இஸ்திரி அண்ணனும் ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். "நான் கடலைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்துலதான் இருக்கு" என்றார் மாமி. பழமை அழகு என்று பேசி அவரை மாடியிலேயே அடைத்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. மழைக்கு ஒழுகுகிற வீடுகளும் இருக்கின்றன. கம்பி துருப்பிடித்துக் காரை விழுந்த இடங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் கட்டடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இதுவரை சோதித்துப் பார்க்கவே இல்லை. படிக்கட்டை ஒட்டி வெளிப்புறமாக லிஃப்ட் ஏற்ற முடியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. பில்டர் காட்டிய வரைபடத்தில் தூங்குமூஞ்சியும் வேம்பும் இல்லை. காம்பவுண்டு முழுக்கத் தரையை மூடியிருக்கிறார். டிசம்பரில் அந்தக் குளம் கட்டிய வாசல் என் கண்ணுக்குள் நிற்கிறது. வாடகைக்கு இருக்கிற ஏழு குடும்பத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இரவு உட்கார்ந்து செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். கையெழுத்துக்கு முன் கட்டடத்தின் உறுதியைச் சோதித்து அறிக்கை வாங்க வேண்டும், என் பங்குச் செலவைத் தந்துவிடுகிறேன். சரிசெய்ய முடியும் என்றால் லிஃப்டோடு சரிசெய்வோம். முடியாது என்று வந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிற வரைபடத்துக்கு, மழைத்தண்ணீர் இறங்கத் திறந்த மண் விட்டிருக்கிற வரைபடத்துக்கு. வாடகைக்காரர்களுக்கு வேறு வீடு தேட ஒரு வருட அவகாசம், இஸ்திரி வண்டிக்கு வேப்ப மரத்தடி, இவை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். என் 640 சதுர அடி இந்த நிபந்தனைகளுக்குப் பின்னால் நிற்கும்.

கீழ் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு மூன்றாம் மாடிக்கு ஏறி, முதலில் மாமியிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.