கப்பலுக்கும் உண்டு எஃப்.சி.!

"மாமா, நீங்கதான் ஆபீஸ்ல நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்களே... கப்பல் ரிப்பேர் தொழிலுக்கு எதிர்காலம் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க!"

கேட்டவன் அக்கா பையன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஜோசியமும் வந்துவிடும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. வீட்டு வாடகை ஒப்பந்தத்திலிருந்து ஜலதோஷம் வரை என்னைத்தான் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். பையன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் முடித்திருக்கிறான். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். அக்காவிடம் இருப்பது ஒரு செயின், நாலு வளையல். "சிங்கப்பூர் எதுக்குடா? காட்டுப்பள்ளிக்கு அமெரிக்காக்காரன் கப்பலே ரிப்பேருக்கு வருதாம்!" என்கிறார் அக்கா வீட்டுக்காரர். செயினா, காட்டுப்பள்ளியா? தீர்ப்பு சொல்ல வேண்டியவன் நான்!

தெரியாத விஷயத்தில் தீர்ப்பு சொல்லி ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். (அது ஒரு சீட்டுக் கம்பெனி கதை. வேண்டாம்.) அதனால் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் நண்பனின் புல்லட்டை இரவல் வாங்கி, பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராயபுரம் கிளம்பினேன்.

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் முதல் டீ. 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தத் தூண் வைத்த கட்டடம் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் புனித ராயப்பர் மாதா கோவில். பீட்டர் என்பவர்தான் தமிழில் ராயப்பர். அவர் பெயரால்தான் ராயபுரம். படகோட்டிகள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய கோவில் என்பார்கள்.

அந்தப் படகோட்டிகள் இல்லாமல் சென்னையே இல்லை. ஊரில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலுக்குள்ளேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் துரைமார்களும் மசூலா படகில் ஏறி, அலையில் நனைந்து கரை சேர வேண்டும். மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். ஆக, மதராஸின் முதல் கப்பல் ரிப்பேர் என்பது தையல் வேலை! பிறகு சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். 1881ல் வந்த புயல் அதை உடைத்துப் போட, மறுபடி கட்டினார்கள். துறைமுகத்துக்கே ரிப்பேர் பார்த்த ஊர் இது.

காசிமேட்டுக்குள் நுழைந்தால் சரியான கூட்டம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். (2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது.) விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வருஷம் பூரா ஓடிய படகுகளுக்கு அதுதான் சர்வீஸ் சீசன். கரையில் ஏற்றி நிறுத்திய படகுகளின் அடியில் ஆட்கள் மல்லாந்து படுத்துச் சுரண்டுகிறார்கள். ஒருவர் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து உளியால் தட்டுகிறார். இன்னொருவர் பெயின்ட் டப்பாவுடன் சாரத்தில் தொங்குகிறார். இன்ஜினைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருக்கிறார்கள், கல்யாண வீட்டு சமையல் பாத்திரம் மாதிரி.

படகு மேஸ்திரி ஒருவர் பீடியை அணைத்துவிட்டுப் பேசினார்.

"இன்னா சார், போட்டு ஓடுறது அடியிலதான் இருக்கு. அடியில சிப்பி புடிச்சா டீசல் குடிக்கும். நாலு நாள் ஓடுற டீசல் மூணு நாள்ல காலி. பெரிய கப்பலுக்கும் அதே கதைதான். சைஸுதான் வேற."

உலகக் கப்பல் ரிப்பேர் தொழிலின் சூட்சுமத்தை பீடி அணையும் நேரத்தில் சொல்லிவிட்டார் மனிதர்! சிப்பியும் பாசியும் ஒட்டினால் கப்பல் இழுக்காது, எரிபொருள் செலவு ஏறும். ஒட்டாமல் இருக்க ஒரு காலத்தில் தகரம் கலந்த விஷப் பெயின்ட் அடித்தார்கள். அது கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தையே கெடுப்பது தெரிந்து 2008லிருந்து உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள்.

நம் லாரிக்கு எஃப்.சி. இருக்கிற மாதிரி கப்பலுக்கும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தரச்சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்து வருஷத்துக்குள் இரண்டு தடவை அடிப்பாகத்தைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. (சில கப்பல்களுக்கு ஒரு தடவை மட்டும் முக்குளிப்பவர்களை இறக்கிப் பார்த்தால் போதும்.) லாரி எஃப்.சி.யில் நடக்கும் வேறு சில சங்கதிகள் இங்கே நடக்காது என்று நம்புவோம்.

ஆக, கப்பல் ஓடுகிற வரை ரிப்பேர் உண்டு. புதுக் கப்பல் வாங்குவதைத் தள்ளிப் போடலாம், எஃப்.சி.யைத் தள்ளிப் போட முடியாது. தள்ளிப் போடத்தான் செய்கிறார்கள் முதலாளிகள். 2023 தொடக்கத்தில் ஐ.நா. வர்த்தக அமைப்பு எடுத்த கணக்குப்படி, உலக வணிகக் கப்பல்களின் சராசரி வயது 22ஐத் தாண்டிவிட்டது. 2050 வாக்கில் புகையில்லாக் கப்பல் வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023ல் இலக்கு வைத்துவிட்டது. எதில் ஓட்டுவது? எரிவாயுவா, மெத்தனாலா, அம்மோனியாவா? யாருக்கும் நிச்சயமில்லை. குழப்பத்தில் இருப்பவன் புது வண்டி வாங்குவானா? பழசையே தட்டிக்கொட்டி ஓட்டுவான். கந்தகப் புகைக்குக் கட்டுப்பாடு வந்த 2020ல் புகையைக் கழுவும் கருவி பொருத்த எத்தனையோ கப்பல்கள் பட்டறைக்கு ஓடின. இதெல்லாம் வெல்டருக்கு வேலை.

இதைச் சொன்னதும் பையன் முகத்தில் பல்பு எரிந்தது. "அப்போ எதிர்காலம் இருக்கு, மாமா!"

"இருக்குடா. அது எந்த ஊர்ல இருக்குங்கிறதுதான் கேள்வி."

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடில் வலது பக்கம் கடல், இடது பக்கம் கன்டெய்னர் லாரி, நடுவே நாங்கள். கடல் கரையைத் தின்றுவிடாமல் இருக்கப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்கு ஒரு கும்பிடு. எல்லாவற்றையும் துறந்தவர் அடங்கிய ஊரில்தான் புல்லட், டயர், தீப்பெட்டி எல்லாம் தயாரித்தார்கள்! பையன் வேண்டிக்கொண்டது சிங்கப்பூருக்கா காட்டுப்பள்ளிக்கா என்று நான் கேட்கவில்லை.

எண்ணூர் போனால் மூக்குக்கு முதலில் தெரியும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் திருவொற்றியூர் கரையெல்லாம் தார் மாதிரி படிந்தது. அதை வாளியால் அள்ளினார்கள், சார், வாளியால்! மீனவர்களும் தன்னார்வலர்களும் முழங்கால் எண்ணெயில் நின்ற படங்கள் ஞாபகமிருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மறுபடியும் கழிமுகத்தில் எண்ணெய். கப்பலைச் சுரண்டினால் பழைய பெயின்டும் துருவும் எண்ணெய்க் கசடும் வரும். தொழில் வளர வளர இந்தக் குப்பை எங்கே போகும் என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்டால் அதை முட்டுக்கட்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாளி பிடித்தவர்கள் அவர்கள்தானே.

கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு காட்டுப்பள்ளி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், நியாயம்தான். வெளியிலிருந்தே கிரேன்களை அண்ணாந்து பார்த்தோம். எல் அண்ட் டி கப்பல் தளம் இது. இங்கே ஷிப் லிஃப்ட் இருக்கிறது. சாதாரண டிரை டாக் என்றால் ஒரு பெரிய தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். ஷிப் லிஃப்ட்டில் கப்பலையே மேடையோடு தண்ணீரிலிருந்து தூக்கி, தண்டவாளத்தில் நகர்த்திப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். மெக்கானிக் ஷெட்டில் ஒரு ராம்ப்பை வைத்துக்கொண்டு பல வண்டி பார்க்கிற மாதிரி.

அக்கா வீட்டுக்காரர் சொன்னது நிஜம்தான். 2022 ஆகஸ்ட் 7ல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் டிரூ இங்கே வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இந்தியாவில் ரிப்பேருக்கு வந்தது அதுவே முதல் தடவை. 11 நாள் வேலை. (சார்லஸ் டிரூ ரத்த வங்கிக்கு வழிகாட்டிய கறுப்பின டாக்டர்.) 2023 மார்ச்சில் மேத்யூ பெரி. நீங்கள் நினைக்கிற 'ஃபிரண்ட்ஸ்' நடிகர் இல்லை, ஜப்பான் கதவைத் தட்டிய கமோடர். அந்த ஜூலையில் அமெரிக்கக் கடற்படையோடு ஐந்து வருஷ ரிப்பேர் ஒப்பந்தமே கையெழுத்தானது. 2024 மார்ச்சில் பிரிட்டிஷ் கடற்படையின் இரண்டு துணைக் கப்பல்கள் வந்தன. மசூலா படகில் நனைந்து இறங்கிய துரைமார்களின் பேரன்கள், "கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று அதே கரைக்கு வந்திருக்கிறார்கள்!

டீக்கடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். பைப் ஃபிட்டர். சிங்கப்பூரில் ஒன்பது வருஷம், வளைகுடாவில் நாலு வருஷம். பையன் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் உற்சாகத்தில் ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றினார்.

"கடற்படைக் கப்பல் பேருக்கு நல்லது சார். சோறு போடுறது சரக்குக் கப்பல். அது எந்த ரோட்டுல போவுது? இலங்கைக்குத் தெற்கால. சிங்கப்பூர், கொழும்பு ரெண்டும் மெயின் ரோட்டு மேல கடை போட்ட மாதிரி. நம்மளது சந்துக்குள்ள இருக்கு. ஒருநாள் சும்மா நின்னா முதலாளிக்கு ஆயிரக்கணக்குல டாலர் நஷ்டம். சந்துக்குள்ள வர்றதுக்குக் காரணம் வேணும் இல்ல?"

காரணம் கொடுக்கத்தான் அரசாங்கமும் பார்க்கிறது. கப்பல் ரிப்பேருக்கான ஜி.எஸ்.டி.யை 2021ல் 18லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2024 ஜனவரி 17ல் கொச்சியில் 310 மீட்டர் டிரை டாக்கும், 6,000 டன் ஷிப் லிஃப்ட்டோடு சர்வதேச ரிப்பேர் தளமும் திறந்தார்கள். 2025 செப்டம்பரில் கப்பல் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை அறிவித்தது. அதே வருஷம் மும்பை மசகான் டாக், கொழும்பு டாக்யார்டின் பெரும்பான்மைப் பங்கை வாங்க முடிவு செய்தது. சந்துக்கடைக்காரர் மெயின் ரோட்டில் ஒரு கிளை பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோடி மட்டும் போதாது. ஒரு வால்வு வேண்டுமென்றால் சிங்கப்பூரில் போன் போட்டால் வந்துவிடும், இங்கே வெளிநாட்டிலிருந்து வந்து கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். அதுவரை கப்பல் மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி நின்றுகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், இன்னொரு கிரேன் வாங்குவதற்கு முன்னால் இந்த வால்வு விஷயத்தைத் தீர்க்க வேண்டும்.

"அப்போ சிங்கப்பூர்தான் போகணுமா, அண்ணே?" என்றான் பையன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். முழங்கை வரை பொட்டுப் பொட்டாய்த் தீக்காயம்.

"எங்க போனாலும் இந்தத் தொழில்ல ஒண்ணு தெரிஞ்சுக்க தம்பி. கப்பல் வந்தா ராப்பகல் வேலை. கப்பல் போயிட்டா கூட்டம் கலைஞ்சிடும். அதான் எல்லா ஊர்லயும் கான்ட்ராக்ட் ஆளு. டேங்குக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி காத்து செக் பண்ணாங்களான்னு கேளு. அவசரம்னு சொன்னா இறங்காதே. காத்து இல்லாத டேங்குக்கு சிங்கப்பூர், காட்டுப்பள்ளின்னு வித்தியாசம் தெரியாது."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை ஜி பாஸ் பண்ணியிருக்கே?"

பையன் விழித்தான். நான் செல்போனைப் பார்த்தேன். அந்த ஜி இல்லையாம். வெல்டருக்குப் படிப்படியாய்ப் பரீட்சை உண்டு. தட்டையாய் வைத்த தகட்டைப் பற்றவைப்பது 1ஜி. சுவர் மாதிரி நிற்பது 3ஜி. தலைக்கு மேலே 4ஜி. 45 டிகிரி சாய்த்து நிறுத்திய பைப்பை அசைக்காமல், நாமே சுற்றிச் சுற்றி வந்து பற்றவைப்பது 6ஜி. அப்புறம் எக்ஸ்ரே எடுத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கப்பலில் பைப் வேலைக்கு அந்தச் சான்றிதழ்தான் பேசும். நம்ம பையன் ஐ.டி.ஐ.யில் பற்றவைத்ததெல்லாம் மேஜைமேல் வைத்த தகடு.

"6ஜி இல்லாம மூணு லட்சம் கட்டிப் போனா ஹெல்பரா நிக்கவச்சிடுவான். 6ஜி கையில இருந்தா இங்கயும் கூப்பிடுவான், கொச்சியிலயும் கூப்பிடுவான். கொரியாக்காரனே இப்போ வெளிநாட்டு வெல்டரைத் தேடுறான். அப்போ ஏஜென்ட்கிட்ட நீ பேசு பேரம்."

திரும்பி வரும்போது பையன் பேசவே இல்லை. திருவொற்றியூர் தாண்டியதும், "மாமா, அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றான்.

அக்காவிடம் செயினை அடகு வைக்க வேண்டாம், ஒரு வளையல் போதும் என்றேன். வெல்டிங் பயிற்சிக் கட்டணத்துக்கு. "அவ்ளோதானா? இதைச் சொல்லவா அரை நாள் பெட்ரோல் போட்டு ஊர் சுத்தினீங்க?" என்றாள்.

மூன்று மாதமாகிறது. தினம் சாயந்தரம் சாய்ந்த பைப்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். முதல் எக்ஸ்ரேயில் ஃபெயில், ஓட்டை. அடுத்த பரீட்சை வரும் மாதம். இதுவரை மூன்று சட்டையில் பொறி பட்டுப் பொத்தல். அந்தக் கணக்கை மட்டும் அக்கா எனக்கு அனுப்பியிருக்கிறாள்.