கிராணியின் கறுத்த விரல்கள்

கிராணி உத்தியோகம் பார்ப்பவன் வண்டிச் சக்கரத்தைக் கழற்றினான் என்றால் நம்மவருள் பலர் நகைப்பர் என்பதை அறிவோம். நாமும் அவ்வாறு நகைத்துத் திரிந்தவர்தாம். ஜோகூரிலிருந்து வைகறையில் பாலத்தைக் கடந்து வந்து சிங்கப்பூரில் ஆங்கிலப் படிப்புப் படித்தோம். தோட்டத்து லாரி ஓட்டிய நம் தந்தையார், தம் கையில் ஏறிய எண்ணெய்க் கறை மகன் கையில் ஏறலாகாதென்று அதற்காகப் பட்ட பாடு சிறிதன்று. படித்து முடித்து அதே ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாய் அமர்ந்தோம். பட்டறையிலிருந்து வரும் சாமான் சீட்டுகளுக்கு ஒப்பமிடுவது நமது அதிகாரம். சிவப்பு மையால் குறைப்பதும் நமது அதிகாரமே!

சென்ற மாதம் தந்தையாருடன் சிங்கப்பூர் ஜாலான் காயுவிலுள்ள தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அத்தானுடைய கார் 2009இல் பதிவானது. இந்நகரில் காரை வாங்கினால் மட்டும் போதாது. அதனை வைத்திருக்கும் உரிமையையும் விலை கொடுத்து வாங்கவேண்டும். 1990இல் ஏற்பட்ட அந்த உரிமைச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. மறுபடியும் பணங்கட்டிப் புதுப்பிப்போர் ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகவேண்டும். சாலை வரியும் கூடுதல். இத்தனை செலவு தின்னும் வண்டி, பிரேக்கை மிதித்தால் நடுங்கிற்று. “முன் தட்டுகள் போய்விட்டன” என்றார் தந்தையார், பின்னிருக்கையில் இருந்தபடியே.

பிரேக் தட்டென்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு வட்டு. இருபுறமும் பேடுகள் அதனைக் கவ்விப் பிடிக்க, வண்டியின் ஓட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1953இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பின்னரே மோட்டார் உலகம் இதன் அருமையை நன்குணர்ந்தது. நல்ல யோசனை ஐம்பது ஆண்டு காத்துக் கிடப்பது நம்மவரிடையே மட்டும் நிகழ்வதன்று போலும்.

சனிக்கிழமை ஜாலான் புசார் பக்கம் ஓர் உதிரிப்பாகக் கடைக்குச் சென்றோம். சீனக் கடைக்காரர் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றுதானே மிக மோசம், ஒன்று போதாதா என்று கேட்டோம். அவர் நமக்கு விடை சொல்லவில்லை; தந்தையாரைப் பார்த்தார். தந்தையார் தரையைப் பார்த்தார்.

இரண்டையும் சுமந்துகொண்டு சிராங்கூன் சாலை வழியே தேக்காவுக்கு நடந்து, தேநீர் அருந்த அமர்ந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். “ஒரு சக்கரம் கவ்வி, மறு சக்கரம் வழுக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மழையில் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்குமென்று யார் கண்டது, தம்பி?”

தேநீர் நமக்குக் கசந்தது. மூன்று மாதத்திற்கு முன் தோட்டத்துப் பிக்கப் வண்டிக்கு இரண்டு தட்டு வேண்டுமென்று பட்டறைச் சீட்டு வந்தது. இரண்டை அடித்து ஒன்றாக்கியது நமது சிவப்பு மை. தொழிலாளர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்வது அந்த வண்டியில்தான்.

மறுநாள் அத்தான் வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கிற்று. தந்தையார் நாற்காலியில் அமர்ந்திருந்தார், கை நம்முடையது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இறக்கினோம். காலிப்பரைக் கழற்றியதும் அதனை ரப்பர்க் குழாயில் தொங்கவிடப் போனோம். “குழாய் கெட்டுவிடும், கம்பியில் கட்டு” என்று அதட்டல் வந்தது. பழைய தட்டு துருவினால் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. அதன் முகத்தில் இரு துளைகள். அவற்றில் போல்டுகளைச் செருகி மாறி மாறி முறுக்க, பீரங்கி வெடித்தாற்போல் கழன்றது. குறைந்த கனம் 22 மில்லிமீட்டரென்று அதிலேயே பொறித்திருந்தது. அளந்தால் 20கூட இல்லை. புதியதன்மேல் துருப்பிடியாதிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைத்து மாட்டினோம். பேடும் புதிது, ஆதலால் காலிப்பர் பிஸ்டனை உள்ளே அழுத்தவேண்டியிருந்தது. இரண்டாஞ் சக்கரம் முதலாவதிற்கான நேரத்தில் பாதிகூட எடுக்கவில்லை.

களிப்போடு வண்டியைக் கிளப்பிப் பின்னுக்கு எடுத்தோம். மிதித்தோம்; மிதி தரைவரை இறங்கிற்று; வண்டி நிற்கவில்லை! பக்கத்தில் அமர்ந்திருந்த தந்தையார் கைப்பிரேக்கை இழுத்தார். அது கம்பி வழியே பின்சக்கரங்களைப் பிடிப்பது, ஆகவே பிழைத்தோம். வாயிற்கதவுக்கும் வண்டிக்கும் ஒரு முழம் இடைவெளி. கதவைத் திறந்துவிட்ட தமக்கை மகள் அங்கேதான் நின்றிருந்தாள். உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளிவந்து பேடு தட்டைத் தொடும்வரை, வண்டி நின்றபடியே பலமுறை மிதிக்கவேண்டும் என்பது வழிகாட்டிப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நாம் நல்ல ஆங்கிலத்தில் படித்துமிருந்தோம்.

தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மிதி இறுகும்வரை தாமே எண்ணி மிதித்துக் காட்டினார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கோப்பைத் திறந்து பழைய சீட்டைத் தேடி எடுத்தோம். இரண்டென்று புதுச் சீட்டு எழுதி, பையனிடம் கொடுத்தனுப்பாமல் நாமே பட்டறைக்குச் சென்றோம். புது ஜோடி வந்து பூட்டும்வரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றவேண்டாம் என்றும் சொன்னோம். பட்டறைக்காரர் சீட்டை வாங்குமுன் நம் நகக்கண்களை உற்று நோக்கினார்.

“எந்த வண்டிக்கு மாற்றினீர்கள், கிராணி ஐயா?” என்றார்.