அண்டர்டேக்கரின் முதல் ஆட்டமும் எங்க அண்ணனும்

அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 90களில் இந்தியாவில் எந்த ஊரில் பள்ளிக்கூடம் போயிருந்தாலும் இந்த வரலாற்று உண்மையை யாராவது ஒருத்தன் சொல்லியிருப்பான். பாளையங்கோட்டையில் எனக்குச் சொன்னது எங்க அண்ணன்.

வீட்டுக்கு கேபிள் வந்தது 1994ல். அதற்கு முன்னால் எங்களுக்கு மல்யுத்தம் என்றால் டிரம்ப் கார்டு மட்டும்தான். உயரம், எடை, மார்பளவு, ரேங்க். அதை வைத்துக்கொண்டு அண்ணன் அளப்பான் பாருங்க! "ஏல, மொத ஆட்டத்துலயே சவப்பெட்டிய ஒடச்சிட்டு வந்து நாலு பேர ஒரே நிமிசத்துல முடிச்சிட்டாம்ல." நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரியே சொல்வான். நானும் நம்பினேன்.

அந்த ஆட்டத்தைப் போன மாதம்தான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். புனேயில் ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை, பையனுக்கு போர் அடிக்கிறது. சரி, அப்பா காலத்து ஆள் ஒருத்தரைக் காட்டுகிறேன் என்று உட்காரவைத்தேன்.

1990 நவம்பர் 22, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரம், சர்வைவர் சீரிஸ். நாலு பேருக்கு நாலு பேர். ஒரு பக்கம் டஸ்டி ரோட்ஸ், கோகோ பி வேர், பிரெட் ஹார்ட், ஜிம் நெய்ட்ஹார்ட். இன்னொரு பக்கம் பணக்காரத் திமிர் வேஷம் போடும் டெட் டிபியாசி, ஹாங்கி டாங்க் மேன், கிரெக் வாலன்டைன். நாலாவது ஆள் யார் என்பதுதான் சஸ்பென்ஸ்.

சவப்பெட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் நம்மை நடுங்கவைத்த அந்த மணியோசை கூடக் கிடையாது. அருகில் இருக்கும் மேனேஜர் பால் பேரர் இல்லை, பிரதர் லவ். கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, சாம்பல் கையுறையோடு 6 அடி 10 அங்குல ஆள் ஒருத்தர் மெதுவாக நடந்து வருகிறார், அவ்வளவுதான். கூட்டத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்கணும்! டஸ்டி ரோட்ஸ் முழிக்கிற முழி தனி. மார்க் கேலவேக்கு அப்போது வயது 25. இதற்கு முன்னால் இருந்த கம்பெனியில் 'உன்னைப் பார்க்க எவனும் காசு கொடுக்க மாட்டான்' என்கிற ரீதியில் சொல்லி அனுப்பினார்களாம். அதே நிகழ்ச்சியில் ஒரு பெரிய முட்டையிலிருந்து வான்கோழி வேஷத்தில் ஒருத்தர் வந்து மானம் போனது. அந்த முட்டைக்குள் தன்னைத்தான் உட்காரவைக்கப் போகிறார்களோ என்று பயந்திருந்ததாக அண்டர்டேக்கரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் :-)

கோகோ பி வேர் இரண்டு நிமிடத்துக்குள் காலி. தலைகீழாகப் பிடித்து ஒரே இறக்கு, டூம்ஸ்டோன். பிறகு டஸ்டி ரோட்ஸ். நாலு பேர் இல்லை, இரண்டே பேர்தான். (அண்ணன் கணக்கு எப்பவுமே இப்படித்தான்.) அப்புறம் ரோட்ஸ் வெளியே பிரதர் லவ்வை அடிக்க, இவர் துரத்திக்கொண்டு போய் கவுன்ட்-அவுட். யாரும் அவரைத் தோளை அழுத்தித் தோற்கடிக்கவில்லை.

"இவ்ளோதானாப்பா?" என்று பையன் எழுந்து போய்விட்டான். நான் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அதற்குப் பிறகு வளையத்தில் மிச்சம் இருந்தவர் பிரெட் ஹார்ட். அவருடைய அண்ணன் டீன் ஹார்ட் சிறுநீரகக் கோளாறால் இறந்தது 1990 நவம்பர் 21. அதாவது முந்தின நாள். வயது 36. அந்த ஆட்டத்தை அண்ணனுக்கே அர்ப்பணித்துவிட்டு இறங்கினார் பிரெட். வாலன்டைனை வீழ்த்துகிறார், பிறகு டிபியாசியோடு தனியாக மோதுகிறார். ஒரு அடி பிசகவில்லை. கடைசியில் தோற்கிறார், தோற்பது என்று எழுதியிருந்ததால். மல்யுத்தம் நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினாலு நிமிட ஆட்டத்தில் அந்த மனுஷன் மட்டும் எதை நடித்தார், எதை நடிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

2011ல் அண்ணன் போனான். மாரடைப்பு. இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. அன்று நள்ளிரவு எங்கள் புராஜெக்ட் கோ-லைவ். காலை ஆறு மணிக்குத்தான் விமானம், அதற்கு முன்னால் கிளம்ப வழியே இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்து வேலையை முடித்தேன். நாலு மணிக்கு எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அப்புறம் ஏர்போர்ட், மதுரை, அங்கிருந்து கார். போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. எனக்காகத்தான் காத்திருந்தார்கள்.

தாமதமே ஆகவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆறு மணி நேரம் எப்படிக் கை நடுங்காமல் வேலை செய்தேன் என்பதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. அம்மாவிடம் 'ராத்திரி முழுக்க ஏர்போர்ட்ல உக்காந்திருந்தேன்' என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

(நடுவில் ஒன்று: 1996ல் வந்த 'கிலாடியோங் கா கிலாடி' இந்திப் படத்தில் அக்ஷய் குமாரோடு மோதியது நிஜ அண்டர்டேக்கர் இல்லை. 1994 சம்மர்ஸ்லாமில் போலி அண்டர்டேக்கராக வந்த பிரையன் லீ. என் ஆபீஸ் நண்பர் இதை நம்ப மறுத்து ஒரு வாரம் என்னோடு டீ குடிக்க வரவில்லை. அண்ணனுக்கும் இது தெரியாமலேயே போய்விட்டது.)

அண்டர்டேக்கர் விடைபெற்றது 2020 நவம்பர் 22, அதே சர்வைவர் சீரிஸில், சரியாக முப்பது வருஷம் கழித்து. கொரோனா காலம், நேரில் ரசிகர்களே இல்லாத அரங்கம்.

அன்று சாயங்காலம் அண்ணிக்குப் போன் போட்டு, பழைய டிரம்ப் கார்டு கட்டு இருக்கா என்று கேட்டேன். பீரோவில் தேடிவிட்டுக் கூப்பிட்டாள். "ரப்பர் பேண்ட் இத்துப்போய்க் கெடந்துச்சு தம்பி. கறுப்புத் தொப்பிக்காரன் மட்டும் இல்ல."

அது என்னிடம்தான் இருக்கிறது. 1995ல் அவனிடமிருந்து திருடியது.